பண்ணை நிலத்தில் நரிக்கும் கயோட்டிக்கும் பொறி வைத்தல்: நியூயார்க் மாநிலத்தில் முதன்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில் 14 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செம்மறி ஆடுகளும் கோழிகளும் வளர்க்கிறேன். ஓர் ஏப்ரல் மாதத்தில் மூன்றே வாரங்களில் ஆறு குட்டிகளைப் பறிகொடுத்த பிறகு பொறி வைப்பது என்று முடிவு செய்தேன். அந்த அக்டோபர் கடைசியில் உரிமம் வாங்கப் போனபோதுதான், பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவருக்கு உரிமமே கிடையாது என்பது தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் அந்த ஆண்டுக்கான வகுப்புகளோ முடிந்துவிட்டிருந்தன. ஒரு பருவம் முழுவதும் கைகட்டிப் பார்த்திருக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு எல்லாத் தாள்களும் கையில் இருந்தும், பொறியைச் சரியாகப் பதிக்கத் தெரியாமல் முதல் மூன்று வாரங்களை வீணாக்கினேன். இந்த இரண்டு இழப்புகளும் உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படும் சட்ட விதிகள் நியூயார்க் மாநிலத்துக்கு உரியவை. பென்சில்வேனியாவிலோ ஓஹையோவிலோ இருப்பவர்கள் இடம், பதித்தல் பற்றிய பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம். நாள், நேரம், அளவு ஆகியவற்றுக்குத் தங்கள் மாநிலத்தின் விதிகளையே பார்க்க வேண்டும். நியூயார்க்கில் இருப்பவர்களும் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடும் வேட்டை மற்றும் பொறி விதிமுறைக் கையேட்டின் புதிய பதிப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

1. கொன்றது எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

குட்டி செத்துக் கிடந்தால் உடனே கயோட்டியின் (ஓநாயைப் போன்ற, ஆனால் அதைவிடச் சிறிய வட அமெரிக்கக் காட்டு விலங்கு) மேல் பழியைப் போடுவது வழக்கம். ஆனால் நோயால் இறந்த குட்டியைத் தின்ன வந்த விலங்கும் கயோட்டியாக இருக்கலாம். இறந்த ஆட்டின் கழுத்துப் பகுதியில் தோலை உரித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால் பல் பதிந்த இடத்தைச் சுற்றித் தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கருத்திருக்கும். இறந்த பிறகு கடிக்கப்பட்டிருந்தால் அப்படி இருக்காது. கயோட்டி பெரும்பாலும் குரல்வளையைக் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும். வீட்டு நாய்கள் புகுந்திருந்தால் தொடை, விலா, காது என்று கண்ட இடமெல்லாம் கிழிந்திருக்கும், பல ஆடுகள் காயப்பட்டிருக்கும், தின்னப்பட்டது குறைவாக இருக்கும். செந்நரி கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும்; இறகுகள் மட்டும் வேலியோரம் கிடக்கும். பிறந்து சில நாட்களே ஆன குட்டியையும் அது எடுப்பதுண்டு, வளர்ந்த ஆட்டை நெருங்காது.

காலடித் தடத்தையும் அளந்து பாருங்கள். செந்நரியின் தடம் ஏறத்தாழ 2 அங்குல நீளமும், கிழக்குக் கயோட்டியின் தடம் இரண்டரை முதல் 3 அங்குல நீளமும் இருக்கும். நாயின் தடம் விரல் விரிந்து அங்குமிங்கும் அலையும். காட்டு விலங்குகளின் தடம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும்.

இந்த ஆய்வை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் ஆறு குட்டிகளில் இரண்டைக் கொன்றவை நாய்கள் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. பொறி அதற்கு மருந்தாகாது. இரவில் ஆடுகளைப் பட்டியில் அடைத்தல், மின்வேலி, காவல் நாய் ஆகிய மூன்றில் ஒன்றையாவது முதலில் செய்து பாருங்கள். பட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் பொறியை மட்டும் நம்பினால், ஒன்றைப் பிடித்த இடத்துக்கு இன்னொன்று வந்து சேரும். உங்கள் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) உள்ள, கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூட்டுறவு விரிவாக்க அலுவலகத்தில் கால்நடைப் பாதுகாப்பு பற்றிக் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

2. பயிற்சி வகுப்பு: கோடையிலேயே பதிந்துவிடுங்கள்

இதற்கு முன் பொறி உரிமம் வைத்திராத எவரும் மாநிலத்தின் பொறிப் பயிற்சி வகுப்பை முடித்தே ஆக வேண்டும். வகுப்புக்குக் கட்டணம் இல்லை. தன்னார்வப் பயிற்றுநர்களே நடத்துகிறார்கள். மீன்பிடிக் கழகங்களிலும் தீயணைப்புக் கூடங்களிலும் ஒரு முழு நாள் நடக்கும். கோடை கடைசியிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலுமே பெரும்பாலான வகுப்புகள் அறிவிக்கப்படுவதால், ஜூலை மாதத்திலிருந்தே துறையின் இணையதளத்தில் வாரம் ஒருமுறை பார்த்து வாருங்கள். இடங்கள் சில நாட்களிலேயே நிரம்பிவிடுகின்றன. உங்கள் கவுண்டியில் கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டியாவது பக்கத்துக் கவுண்டிக்குப் போய்விடுங்கள். நான் அப்படித்தான் முடித்தேன்.

வகுப்புக்கு முன் வீட்டுப்பாடம் உண்டு. அதை முழுவதும் முடித்துக் கையில் எடுத்துச் செல்லுங்கள். என் வகுப்பில் அதை முடிக்காமல் வந்த ஒருவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். சான்றிதழ் வந்ததும் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. வேட்டைப் பயிற்சி வேறு, பொறிப் பயிற்சி வேறு. ஒன்றின் சான்றிதழைக் காட்டி மற்றொன்றின் உரிமத்தை வாங்க முடியாது.

3. உரிமமும் ஆவணங்களும்

மாநிலத்தில் வசிப்பவருக்குப் பொறி உரிமத்தின் ஆண்டுக் கட்டணம் 20 டாலர்; வெளி மாநிலத்தவருக்கு 310 டாலர். உரிம ஆண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்கி அடுத்த ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. புதிய உரிமங்கள் ஆகஸ்டிலேயே விற்பனைக்கு வந்துவிடும். மாநிலத்தில் 30 நாட்களுக்கு மேலாக நிலையாக வசித்து வருபவர் உள்மாநிலத்தவராகக் கருதப்படுவார். குடியுரிமை இதற்குத் தேவையில்லை.

கையில் வைத்திருக்க வேண்டியவை பயிற்சிச் சான்றிதழ், நியூயார்க் ஓட்டுநர் உரிமம் போன்ற வசிப்பிடச் சான்று, பிறந்த தேதி ஆகியவையே. ஊரின் டவுன் கிளார்க் (ஊர்ப் பதிவாளர்) அலுவலகத்திலோ விளையாட்டுப் பொருள் கடையிலோ இணையத்திலோ வாங்கலாம். முதல்முறை வாங்குபவர்கள் டவுன் கிளார்க்கிடம் நேரில் போவது நல்லது. பெயரின் எழுத்துக்கூட்டு சான்றிதழில் ஒருவிதமாகவும் ஓட்டுநர் உரிமத்தில் வேறுவிதமாகவும் இருந்தால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இந்தச் சிக்கல் தவறாமல் வரும். வகுப்பில் பெயரை எழுதும்போதே ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி எழுதிவிடுங்கள்.

உரிமத்தோடு உங்களுக்கென ஓர் அடையாள எண் கிடைக்கும். ஒவ்வொரு பொறியிலும் இந்த எண்ணோ உங்கள் பெயரும் முகவரியுமோ பொறித்த தகடு இருந்தே தீர வேண்டும். செம்புத் தகடுகள் நூறு வாங்கினாலும் இருபது டாலருக்குள் முடியும். ஆனால் அஞ்சலில் வந்து சேர இரண்டு வாரம் ஆவதால் செப்டம்பரிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். முகவரிக்குப் பதில் அடையாள எண்ணைப் பொறிப்பதே மேல். வீடு மாறினாலும் தகடு மாற்ற வேண்டியதில்லை, உங்கள் முகவரி வழிப்போக்கர் கண்ணில் படுவதும் இல்லை.

நரிக்கும் கயோட்டிக்கும் மாநிலத்தின் பெரும்பகுதியில் பொறிப் பருவம் அக்டோபர் 25 முதல் பிப்ரவரி 15 வரை. லாங் ஐலண்டிலும் நியூயார்க் நகரத்திலும் விதிகள் வேறு. பருவம் தொடங்கும் முன்பே பொறியைப் பதித்து வைத்துவிட்டு அன்று போய்ப் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள், அது குற்றம். பருவத்துக்கு வெளியே சேதம் நேர்ந்தால் துறையின் மண்டல அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, என்ன அனுமதி தேவை என்று கேட்டுக்கொண்ட பிறகே எதையும் செய்யுங்கள்.

4. துப்பாக்கி: விசாவில் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்

பொறியில் அகப்பட்ட விலங்கை வேதனையின்றி முடிக்க 22 காலிபர் துப்பாக்கியே பெரும்பாலும் பயன்படுகிறது. எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. பொறி உரிமத்தையே வேட்டை உரிமமாகக் கருதிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். இதில் தவறினால் சிறையும் நாடுகடத்தலும் வரை போகக்கூடும். வேட்டைப் பயிற்சியையும் தனியாக முடித்து, 22 டாலர் கட்டி வேட்டை உரிமத்தையும் எடுத்து, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் ஆலோசனை பெற்ற பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

கைத்துப்பாக்கிக்கு நியூயார்க்கில் தனி உரிமம் வேண்டும். தோட்டா நிரப்பிய நீள்துப்பாக்கியை வண்டியில் வைத்திருப்பது குற்றம். பள்ளி, விளையாட்டுத் திடல் ஆகியவற்றிலிருந்து 500 அடிக்குள் சுடக் கூடாது; பிறர் வீட்டிலிருந்து 500 அடிக்குள் உரியவரின் இசைவின்றிச் சுடக் கூடாது. இந்த 500 அடி விதியை மனத்தில் வைத்துக்கொண்டே பொறிக்கான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அகப்பட்ட பிறகு யோசிப்பதற்கு நேரம் இருக்காது.

5. நிலத்துக்கான ஒப்புதலும் அண்டை வீட்டாரும்

குத்தகை நிலமாயிருந்தால் குத்தகைப் பத்திரத்தில் பொறி வைக்கும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இல்லை. உரிமையாளரிடம் போய், எந்த வயலில், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எத்தனை பொறி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார் என்றாலும், பின்னர் சுற்றுச்சூழல் காவல் அதிகாரி ஒருவர் வயலோரம் வண்டியை நிறுத்தி விசாரித்தபோது அந்தத் தாள்தான் பேச்சை இரண்டு நிமிடத்தில் முடித்துவைத்தது.

வீடு, பள்ளி, விளையாட்டுத் திடல், தேவாலயம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள் பொறி வைக்க, அந்த நிலத்தின் உரிமையாளரோ குத்தகைதாரரோ அனுமதித்திருக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. நான் அதற்கு மேலும் செய்யச் சொல்வேன். அரை மைல் சுற்றளவில் நாய் வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், எந்தத் தேதியிலிருந்து பொறி இருக்கும் என்று சொல்லி, உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் இதைச் செய்யாமல் விட்ட வீடு ஒன்றே ஒன்று. அந்த வீட்டு நாய்தான் என் பொறியில் முதலில் அகப்பட்டது. நல்லவேளையாகக் காலில் காயம் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்க்க எனக்குப் பல மாதம் ஆயிற்று.

6. பொறியும் கருவிகளும்: என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

நிலத்தில் வைக்கும் கால்பிடிப் பொறியில், விலங்கின் காலைக் கவ்வும் இரும்புத் தாடைகளின் விரிவு உட்புறமாக அளந்தால் 5¾ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பல் வைத்த தாடை கூடாது. பதித்த பொறி மண்ணாலோ இலையாலோ மூடப்பட்டிருக்க வேண்டும். சுருக்குக் கம்பிக்கு இந்த மாநிலத்தில் இடமில்லை. வேறு மாநிலக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதை வாங்கிவிடாதீர்கள்.

நரி, கயோட்டி இரண்டுக்கும் பொதுவாக உதவுவது சுருள்வில் பொறி. வாங்கும்போது நான்கு கூறுகளைப் பாருங்கள். தாடைகள் மூடிய நிலையிலும் அவற்றுக்கிடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும். தாடையின் விளிம்பு தடிப்பாக இருக்க வேண்டும். சங்கிலி பொறியின் அடிப்புற நடுவிலிருந்து தொடங்க வேண்டும். சங்கிலியில் குறைந்தது இரண்டு சுழல்வளையங்கள் இருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் விலங்கு திரும்பித் திரும்பி இழுத்தாலும் கால் முறுக்கிக்கொள்ளாது, தோல் கிழியாது. இவை இல்லாத மலிவுப் பொறி 10 டாலருக்குக் கிடைக்கும். இவை உள்ளது ஒன்றுக்கு 20 முதல் 25 டாலர் வரை ஆகும். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். உங்கள் பத்து டாலர் மிச்சத்துக்காக ஒரு விலங்கு இரவெல்லாம் காலை அறுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

முதல் பருவத்துக்கு ஆறு பொறிகள் போதும். இருபது வாங்கினால் இருபதையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். பொறியைத் தரையோடு பிணைக்கும் முளைக்கு அரை அங்குலத் தடிமனுள்ள கட்டடக் கம்பியை 24 அங்குல நீளத்தில் வெட்டிக்கொள்ளலாம்; கயோட்டிக்கு ஒரு முளை போதாது, இரண்டைக் குறுக்காகச் சாய்த்து அடிக்க வேண்டும். இவற்றோடு ஒரு கொத்துக் கரண்டி, மூன்று பவுண்டுச் சம்மட்டி, மண் சலிக்கும் கம்பிச் சல்லடை, ரப்பர் கையுறை, முழங்காலுக்கு அடியில் விரிக்கக் கித்தான் துணி, தட்டின் (விலங்கு மிதித்ததும் பொறியை மூடவைக்கும் நடுப்பகுதி) இறுக்கத்தை அளக்கும் சிறு கருவி, நரி மூத்திரம் ஒரு குப்பி, வாசனைப் பசை ஒரு குப்பி ஆகியவை வேண்டும். வகுப்புக்கு ஓட்டிய பெட்ரோல் செலவு நீங்கலாக, உரிமத்தையும் சேர்த்து எனக்கு ஏறத்தாழ 330 டாலர் ஆயிற்று. தோலை விற்று இதை மீட்டுவிடலாம் என்ற கணக்கு வேண்டாம். தோல் விலை பல ஆண்டுகளாகத் தாழ்ந்தே கிடக்கிறது.

புதுப் பொறி எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். சலவைச் சோடா கலந்த நீரில் கொதிக்க வைத்து அதைப் போக்கி, ஒரு வாரம் வெளியே தொங்கவிட்டு இலேசாகத் துருவேற்றி, பிறகு லாக்வுட் மரச் சாயத்தில் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். துருவேறாத பளபளப்பான இரும்பில் சாயம் பிடிக்காது. அதன்மேல் மெழுகு பூசினால் பொறி மண்ணுக்கடியில் வேகமாக இயங்கும். மெழுகை வீட்டுக்குள் உருக்காதீர்கள்; ஈரப் பொறியை உருகிய மெழுகில் விட்டால் பொங்கித் தெறித்துத் தீப்பிடிக்கும். இந்த வேலைகளுக்கு மூன்று வாரம் ஆகும் என்பதால் செப்டம்பர் இறுதிக்குள் தொடங்கிவிடுங்கள். முடிந்த பொறிகளை வெறுங்கையால் தொடாமல், கார் எண்ணெயும் ஆட்டுத் தீவனமும் இல்லாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

7. இடம் பார்த்தல்

மூன்று வாரம் எனக்கு எதுவும் அகப்படாததற்குப் பாதிக் காரணம் இடம். விலங்கு இருக்கும் என்று நினைத்துக் காட்டுக்குள் போய் வைத்தேன். நரியும் கயோட்டியும் இரவில் நடப்பது நாம் நடக்கும் எளிய வழிகளில்தான். அறுத்த மக்காச்சோளத் தாளும் புல்வயலும் சந்திக்கும் விளிம்பு, டிராக்டர் போகும் வண்டித்தடம் இரண்டாகப் பிரியும் இடம், வேலி மூலை, வயலுக்குள் நாக்குப் போல நீண்டு வரும் மரவரிசையின் முனை ஆகியவற்றில் போய்த் தேடுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் மழை பெய்த மறுநாள் காலையில் இந்த இடங்களை நடந்து பார்த்தால் தடமும் எச்சமும் (விலங்கின் மலம்) கண்ணில் படும். மயிரும் எலும்புத் துணுக்கும் கலந்த எச்சம் ஒரே இடத்தில் பழையதும் புதியதுமாகக் கிடந்தால் அதைவிட நல்ல இடம் உங்களுக்குக் கிடைக்காது.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. ஆகவே தடத்துக்கு மேற்குப் பக்கத்தில், தடத்திலிருந்து பத்தடிக்குள் பொறி இருந்தால் அதன் வாசனை தடத்தின்மேல் போய்ச் சேரும்.

ஆடு மாடு மேயும் அடைப்புக்குள் வைக்காதீர்கள். செத்த ஆட்டின் பக்கத்திலும் வேண்டாம்; கழுகும் நாயும் முதலில் வருவது அங்கேதான். மனிதர் நடக்கும் பாதை ஓரத்தையும் விட்டுவிடுங்கள்.

8. பதித்தல்

தொடக்கக்காரருக்கு உகந்தது குழிப்பொறி முறை. எலியையோ இறைச்சித் துண்டையோ வேறொரு நரி புதைத்துவைத்தது போன்ற தோற்றத்தை உண்டாக்குவதே இதன் நோக்கம். சிறு புல்திட்டையோ கல்லையோ பின்புலமாக வைத்து, 3 அங்குல அகலத்தில், 45 பாகை சாய்வாக, 8 அங்குல ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். குழியின் வாய் காற்று போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். தோண்டிய மண்ணைக் கித்தான்மேல் சேர்த்து வையுங்கள்.

பொறிக்கான பள்ளத்தைக் குழி வாய்க்கு முன்னால் வெட்ட வேண்டும். பொறித் தட்டின் நடு, நரிக்கு என்றால் குழி வாயிலிருந்து 6 முதல் 7 அங்குலமும், கயோட்டிக்கு என்றால் 9 முதல் 10 அங்குலமும் தள்ளி, நேர்கோட்டிலிருந்து ஓரிரு அங்குலம் ஒரு பக்கமாக விலகி இருக்கட்டும். குனிந்து மோப்பம் பிடிக்கும் விலங்கின் முன்கால் நேர் நடுவில் விழுவதில்லை, சற்றுப் பக்கவாட்டில்தான் விழும் என்பதே இதற்குக் காரணம். முளையைப் பள்ளத்தின் நடுவிலேயே முழுவதும் அடித்து, சங்கிலியைப் பொறிக்கு அடியில் மடித்து வையுங்கள்.

இனிச் சொல்வதுதான் என் மூன்று வார இழப்பின் மறுபாதி. பொறி பள்ளத்தில் துளிகூட ஆடக் கூடாது. தாடையின் எந்த மூலையை விரலால் அழுத்தினாலும் எதிர் மூலை எழும்பக் கூடாது. ஆடும் பொறியின் ஓரத்தில் கால் வைத்த விலங்கு உடனே அதை உணர்ந்துவிடும். அதன்பின் அந்த இடத்தைத் தோண்டிப் பொறியை வெளியே போட்டுவிட்டுப் போகும், உங்கள் வயலில் வேறு எந்தப் பொறியையும் நெருங்காது. தாடைகளையும் வில்லையும் சுற்றி மண்ணைத் திணித்து, விரல் நுனியால் குத்திக் குத்திக் கெட்டிப்படுத்துங்கள். ஒரு பொறிக்கு இதற்கு மட்டும் பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

தட்டுக்கு அடியில் மண் புகுந்தால் தட்டு இறங்காது. அதற்காக மெழுகுத்தாள் அல்லது மெல்லிய கம்பிவலைத் துண்டு ஒன்றைத் தட்டின்மேல் வைத்து, சலித்த மண்ணைக் கால் முதல் அரை அங்குலம் வரை தூவுங்கள். தட்டின் இறுக்கத்தைக் கருவியால் அளந்து, நரிக்கு 2 பவுண்டு, கயோட்டிக்கு 4 பவுண்டு என்று திருகி வையுங்கள். கடையிலிருந்து வரும்போது தட்டு தளர்வாகவே இருக்கும். அப்படியே பதித்தால் ஸ்கங்க், ஒப்போசம் போன்ற சிறு காட்டு விலங்குகளும் வீட்டுப் பூனையும் எல்லாம் அகப்படும். இறுக்கத்தைச் சரி செய்த பிறகு எனக்கு ஸ்கங்க் அகப்படுவது பெரிதும் குறைந்தது.

கடைசியாகக் குழியின் அடியில் விரல் நுனியளவு பசையைத் தடவி, அதன்மேல் ஒரு பிடி புல்லைத் திணித்து, பின்புலத்தில் மூத்திரத்தைச் சில துளி தெளியுங்கள். அதிக வாசனை அச்சத்தையே உண்டாக்கும். இறைச்சி மேலே தெரியும்படி வைத்தால் பருந்தும் கழுகும் இறங்கும் என்பதால் இரை எப்போதும் மண்ணுக்கடியிலேயே இருக்கட்டும். மிஞ்சிய மண்ணை வாளியில் அள்ளி வேறிடத்தில் கொட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

9. நாள் தவறாமல் பார்த்தல்

துறை மாநிலத்தைப் பிரித்திருக்கும் இரண்டு மண்டலங்களில், தென் மண்டலத்தில் ஒவ்வொரு பொறியையும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்தாக வேண்டும். வட மண்டலத்தின் சில பிரிவுகளில் மட்டும் 48 மணி நேரம் வரை விடலாம். ஆனால் சட்டம் எதை அனுமதித்தாலும், விடிந்ததும் போய்ப் பார்ப்பதே முறை. இந்த விலங்குகள் பெரும்பாலும் இரவில் அகப்படுகின்றன. காலை ஏழு மணிக்கு நீங்கள் போனால் சில மணி நேரத்தில் முடியும் காத்திருப்பு, வேலை முடிந்து மாலை ஐந்து மணிக்குப் போனால் பகல் முழுவதும் நீளும். அலுவலக வேலைக்குப் போகிறவர்கள் நவம்பரில் காலை எட்டு மணிக்கு முன் பொறிகளைச் சுற்றி வர முடியுமா என்று ஒரு வாரம் வெறுமனே நடந்து பாருங்கள். முடியவில்லை என்றால் பொறி வைக்காதீர்கள். காய்ச்சல், பயணம், கடும் பனிப்புயல் எச்சரிக்கை எது வந்தாலும் அதற்கு முந்தைய நாளே எல்லாப் பொறிகளையும் மூடிவிட வேண்டும். உரிமம் உள்ள நண்பர் ஒருவரை மாற்றாளாகப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பொறியின் அருகே நடக்காமல் தொலைவிலிருந்தே இருநோக்கியால் பாருங்கள். மான் துப்பாக்கிப் பருவம் தென் மண்டலத்தில் நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது; அந்த நாட்களில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கி இல்லாமல் வயலில் இறங்காதீர்கள்.

10. அகப்பட்ட பிறகு

அகப்பட்டது உரிய விலங்குதானா என்பதை நெருங்குமுன் உறுதி செய்யுங்கள். கிழக்குக் கயோட்டி பெரும்பாலும் 35 முதல் 50 பவுண்டு இருக்கும். அதைவிட மிகப் பெரிய விலங்கைக் கண்டால் தொடாமல் துறையை அழையுங்கள். 2021 டிசம்பரில் கூப்பர்ஸ்டவுன் அருகே கயோட்டி என்று நினைத்துச் சுடப்பட்ட 85 பவுண்டு விலங்கு, மரபணு ஆய்வில் ஓநாய் என்று தெரிந்தது. ஓநாய் இந்த மாநிலத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு.

உரிய விலங்கானால் தாமதிக்காமல், தெளிவாகக் குறி வைத்து, தலையில் ஒரே குண்டில் முடியுங்கள். படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். பிடித்த நரியை வண்டியில் ஏற்றி வேறு காட்டில் விடலாம் என்று சிலர் இரக்கத்தால் நினைக்கிறார்கள். அனுமதியின்றி அப்படிச் செய்வது சட்டவிரோதம், நோயையும் பரப்பும். கொல்ல வேண்டும் அல்லது அங்கேயே விடுவிக்க வேண்டும்.

நாயோ பருவமில்லாத பாப்கேட் என்னும் காட்டுப்பூனையோ அகப்பட்டிருந்தால், தடித்த கித்தானையோ மேலங்கியையோ தலைமேல் போட்டுக் கண்ணை மறைத்தால் பெரும்பாலும் அமைதியாகிவிடும். இரண்டு வில் நெம்புகோல்களையும் இரண்டு கால்களால் ஒரே நேரத்தில் மிதித்தால் தாடை தானாகத் தளரும். ஒட்டுப் பலகை ஒன்றில் கால் நுழையும் அளவுக்குப் பிளவு வெட்டி வண்டியில் வைத்திருந்தால் அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வேலை செய்யலாம். விலங்கைத் தள்ளி நின்று பிடிக்க உதவும் நீள்கம்புச் சுருக்கு 60 டாலர் ஆகும். அது இருந்தால் இன்னும் பாதுகாப்பு. வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிவந்து, வெறும் பொறியை வைத்து நெம்புகோலை மிதித்துத் திறக்கப் பழகுங்கள்.

ரேபிஸ் இந்த மாநிலத்தில் ரக்கூன், ஸ்கங்க், நரி ஆகியவற்றில் காணப்படுகிறது. கையுறை இல்லாமல் எந்த விலங்கையும், செத்ததையும்கூட, தொடாதீர்கள். கடியோ எச்சில் பட்ட கீறலோ நேர்ந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரையும் கவுண்டி சுகாதாரத் துறையையும் அழையுங்கள். அப்படிக் கடித்த விலங்கின் தலையில் மட்டும் சுடாமல், அதைச் சிதைக்காமல் வையுங்கள், பரிசோதனைக்கு மூளை வேண்டும். தொடர்ந்து இந்த வேலையில் இருக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே போடும் ரேபிஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். காப்பீடு ஏற்காவிட்டால் செலவு அதிகம், ஆயினும் நான் போட்டுக்கொண்டேன். மயிர் உதிர்ந்து தோல் தடித்த விலங்கு அகப்பட்டால் அது சொறி நோய். உங்கள் காவல் நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

11. உறைபனியும் பருவ முடிவும்

நவம்பர் பாதிக்கு மேல் மண் இரவில் உறையத் தொடங்கும். உறைந்த மண்ணுக்கடியில் பொறி இயங்காது. அக்டோபரிலேயே காய்ந்த மண்ணைச் சலித்து, ஐந்து வாளிகளில் மூடி, கொட்டகையில் சேமித்து வைத்தால் அதைக்கொண்டு டிசம்பர் வரை ஓட்டலாம். மெழுகு ஏற்றிய மண் அதைவிட நன்றாக உழைக்கும். உப்புக் கலக்கலாம் என்று சொல்வார்கள். அது பொறியைத் துருவேற்றிவிடுவதால் நான் விட்டுவிட்டேன். ஜனவரிக் கடுங்குளிரில், அகப்பட்ட காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து உறைந்துபோகும் அபாயம் இருப்பதால், பூஜ்யம் பாரன்ஹீட்டை நெருங்கும் இரவுகளில் நான் பொறிகளை மூடிவிடுகிறேன்.

ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண் இட்டு, வைத்த நாள், இடம், மூடிய நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பிப்ரவரி 15க்கு ஓரிரு நாள் முன்பே எடுக்கத் தொடங்குவது நல்லது. பனிக்கட்டியில் இறுகிய முளையைப் பிடுங்க ஒரு முளைக்கு அரை மணி நேரம்கூட ஆகும், வண்டி ஜாக்கி கையில் இருந்தால் எளிது. குறிப்பேட்டில் உள்ள எண்ணிக்கையும் கையில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகும் வரை வயலை விட்டு வராதீர்கள். ஏப்ரலில் குட்டிகள் மேயப்போவது அதே வரப்பில்தான்.